மூவிரல் குதிரையின் பெயர்கள்: சிவாலிக் புதைபடிவங்களை முன்வைத்து

லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் ரோடு என்னும் தெருப்பெயர் நிலைத்துவிட்டது, குதிரைகள் நிலைக்கவில்லை. அங்கிருந்த பந்தயத் திடல் 1933இல் புக்கித் தீமாவுக்கும் பின்னர்க் கிராஞ்சிக்கும் இடம்பெயர்ந்தது. 2024 அக்டோபரில் சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே முடிவுக்கு வந்தது. பொருள் மறைந்தபின் பெயர் எதனைச் சுட்டுகிறது என்னும் வினா, தொல்லுயிரியலில் இதனினும் கூர்மையாக எழுகின்றது. சிவாலிக் மலைப் பகுதியில் கிடைத்த மூவிரல் குதிரைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகின்றோம்.

இன்றைய குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே விரலை ஊன்றி நிற்கிறது. ஹிப்பேரியன் வகைக் குதிரைகளுக்கு நடுவிரலின் இருபுறமும் சிறிய விரல்கள் இருந்தன. உடற்பாரத்தைப் பெரிதும் நடுவிரலே தாங்கியது. வட அமெரிக்காவில் தோன்றிய இவை, ஒரு கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்னர்ச் சிவாலிக் பகுதியை அடைந்தன. மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் உட்புறத்தில், மற்ற மேடுகளோடு ஒட்டாது தனித்து நிற்கும் ஒரு மேடு இவற்றை இனங்காட்டும் முதன்மை அடையாளமாகும். பெரும்பாலும் பற்களே கிடைப்பதால் வகைப்பாடு பற்களில் தொடங்கியது. சிக்கலும் அங்கேயே தொடங்கியது.

ஹியூ ஃபால்கனரும் புரோபி காட்லியும் 1849இல் ஓரினத்திற்கு ஹிப்போதீரியம் ஆன்டெலோபினம் எனப் பெயரிட்டனர். 1877இல் ரிச்சர்டு லைடெக்கர், தம்மைப் போலவே இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய வில்லியம் தியோபால்டின் பெயரால் சிவால்ஹிப்பஸ் தியோபால்டி என்னும் புதுப்பெயரை அமைத்தார். இப்பெயருக்கு ஆதாரமான மூலமாதிரி ஓர் இளம் விலங்கின் தாடைத் துண்டு. அதில் இருந்தவை பாற்பற்கள். யானை, குதிரை, கழுதை முதலியவற்றின் இளமைப் பெயராகக் ‘கன்று’ என்பதைத் தொல்காப்பிய மரபியல் கூறுவதை நாம் அறிவோம். ஆக, ஒரு கன்றின் பாற்பற்களைக் கொண்டே ஒரு பேரினம் நிறுவப்பட்டது! வளர்ந்த விலங்கின் பற்களோடு அவற்றை நேருக்குநேர் ஒப்பிடுதல் எளிதன்று. லைடெக்கரே சில ஆண்டுகளில் தாம் அமைத்த பேரினப் பெயரைக் கைவிட்டார்.

ஆயினும் அப்பெயர் அழியவில்லை. பன்னாட்டு விலங்குப் பெயரீட்டு விதிகளின்படி, முறையாக வெளியிடப்பட்ட பெயர் அதன் மூலமாதிரியோடு பிணைக்கப்பட்டிருக்கும். தேவை எழுந்தால் முந்தைய பெயருக்கே முதலுரிமை. 1979இல் மெக்ஃபேடன், பக்கர் ஆகியோர் இவ்வினத்தைக் கார்மோஹிப்பேரியன் என்னும் பேரினத்தில் சேர்த்தனர். 1985இல் பெர்னரும் ஹுசைனும் சிவால்ஹிப்பஸ் என்பதைத் துணைப்பேரினமாக மீட்டனர். 2013இல் உல்ஃப், பெர்னர், ஹுசைன் மூவரும் மண்டையோடு, கால் எலும்பு ஆகியவற்றின் சான்றுகளையும் சேர்த்து ஆராய்ந்து, அதனைத் தனிப்பேரினமாகவே நிலைநிறுத்தினர். ஆன்டெலோபினமோ கிரெமோஹிப்பேரியன் என்னும் வேறு பேரினத்திற்குச் சென்றது. பற்களை மட்டும் நோக்கியபோது மயங்கிய வேறுபாடுகள், கண்குழிக்கு முன்னுள்ள பள்ளத்தின் வடிவிலும் இடத்திலும் தெளிவாகின.

தமிழாசிரியர்க்குச் சுவை தருவது இங்குள்ள இலக்கணமாகும். தமிழில் பெயரடை தான் தழுவும் பெயரின் பாலுக்கேற்ப மாறுவதில்லை, இலத்தீனில் மாறும். கில்கிரிம் அன்று, பில்கிரிம் என்பாரே 1910இல் குசராத்தின் காம்பே வளைகுடாவிலுள்ள பெரிம் தீவின் பெயரால் ஹிப்பேரியன் பெரிமென்ஸே என்று பெயரிட்டவர் (இப்பெயர் பிழையாக அச்சாகக் கண்டதுண்டு). ஹிப்பேரியன் அஃறிணையை ஒத்த பொதுப்பாற்சொல். அவ்வினம் ஆண்பாற்சொல்லாகிய சிவால்ஹிப்பஸுக்கு மாற்றப்பட்டதும் அடைமொழி பெரிமென்சிஸ் என்றாயிற்று. தியோபால்டி மட்டும் எங்குச் சென்றாலும் மாறாது. அது ‘தியோபால்டினது’ எனப் பொருள்படும் ஆறாம் வேற்றுமை வடிவம்.

நம் நிகண்டு மரபு பரி, புரவி, இவுளி, மா என ஒரு பொருட் பல பெயர்களைத் தொகுத்துப் போற்றியது. விலங்கியலாரோ அத்தகைய பல பெயர்களுள் ஒன்றை மட்டும் ஏற்று, எஞ்சியவற்றை ஒத்தபெயர்ப் பட்டியலில் வைப்பர். இவ்வேறுபாட்டை மறந்து, ஹிப்பேரியன் என்பதற்கு நேராக ‘மூவிரல் குதிரை’ என வகுப்புக் குறிப்பொன்றில் நாமே எழிதியதுண்டு. அது பிழை. மீசோஹிப்பஸ், மெரிக்ஹிப்பஸ் முதலிய பழைய குதிரைகளும் மூவிரல் உடையனவே. ‘மூவிரல் குதிரை’ ஒரு வருணனை, பேரினப் பெயராகாது. ‘சிவாலிக் குதிரை’ எனினும் சிவால்ஹிப்பஸும் கிரெமோஹிப்பேரியனும் ஒன்றாகிவிடும். எனவே பேரின, சிற்றினப் பெயர்களை ஒலிபெயர்த்து எழுதி, அவற்றின் பொருளை அருகில் தமிழில் விளக்குவதையே இப்போது கைக்கொள்கின்றோம்.