தலைக்கு வைக்கும் எண்ணெய்: எது வரவு, எது வீண்செலவு?

2024 டிசம்பர் 18ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வினோதமான கேள்விக்குப் பதில் சொன்னது. சின்னப் போத்தலில் விற்கும் சுத்தமான தேங்காயெண்ணெய் சமையலுக்கான பொருளா, தலைக்கு வைக்கும் பொருளா? சேலம் மத்திய கலால் ஆணையாளர் கொண்டுவந்த வழக்கு அது. 2018இல் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னதால் மூன்று நீதிபதிகளிடம் போனது. போத்தல் சின்னது என்பதற்காக அதைத் தலையெண்ணெய் என்று எடுக்க முடியாது, தலைக்கு என்று குறிப்பிட்டு விற்றால்தான் அது தலையெண்ணெய் என்பது அவர்களின் முடிவு. அந்த நேரத்தில் சமையல் எண்ணெய்க்கு வரி 5 வீதம், தலையெண்ணெய்க்கு 18 வீதம். சண்டையின் காரணம் அதுதான்.

கணக்கு வேலை செய்பவன் என்பதால் இந்தச் செய்தியை ஆர்வத்தோடு படித்தேன். ஏனென்றால் இதே கணக்கு எங்கள் இல்ஃபோர்ட் கடைகளிலும் இருக்கிறது. பிரித்தானியாவில் சமையல் எண்ணெய் உணவுப்பொருள், அதற்கு வற் வரி பூச்சிய வீதம். அதையே கூந்தலுக்கென்று விற்றால் அது அழகுசாதனப் பொருள், வரி 20 வீதம். இல்ஃபோர்ட் லேனில் ஒரு தமிழ்க் கடைக்குள் போனால் அரிசி, பருப்புப் பக்கத்தில் ஒரு தேங்காயெண்ணெய் இருக்கும், சவர்க்காரப் பக்கத்தில் இன்னொன்று இருக்கும். விலைத்துண்டில் சின்ன எழுத்தில் 100 மில்லிலீற்றர் என்ன விலை என்று போட்டிருந்தால் அதை ஒப்பிட்டுப் பாருங்கள். போடாவிட்டால் கைத்தொலைபேசியில் வகுத்துப் பார்க்க அரை நிமிடம் போதும்.

பிறகு போத்தலைத் திருப்பி, அடங்கியுள்ள பொருட்களின் பட்டியலை வாசியுங்கள். அழகுசாதனப் பொருட்களில் எது கூட இருக்கிறதோ அதுதான் முதலில் வரவேண்டும் என்பது இங்குள்ள சட்டம். முன்பக்கத்தில் நெல்லிக்காயும் செம்பரத்தம் பூவும் படமாக இருக்க, பின்பக்கத்தில் முதற்பெயராக 'பரஃபினம் லிக்விடம்' என்று இருந்தால், நீங்கள் வாங்குவது பெரும்பாலும் மசகெண்ணெயிலிருந்து எடுத்த கனிம எண்ணெய். அது கெடுதல் என்று நான் சொல்லவில்லை. முடிக்கு மேலே மினுக்கம் தரும். ஆனால் நெல்லிக்காயின் விலையைக் கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

விலையை விடப் பெரிய கேள்வி, எண்ணெய் உண்மையில் என்ன செய்கிறது என்பது. இந்த நாட்டுக்கு வந்தபின் முடி கொட்டுகிறது என்று கவலைப்படாத குடும்பம் எங்களுக்குள் குறைவு. அந்தக் கவலையை நம்பித்தான் பாதிப் போத்தல்கள் விற்பனையாகின்றன.

தலைக்கு வெளியே நாங்கள் காணும் முடி உயிரில்லாத பொருள். கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. ஓட்டுக்கூரை போல மேலே மெல்லிய செதில்கள் அடுக்கியிருக்கும். நனையும்போது முடி ஊதும், காயும்போது சுருங்கும். இப்படி ஊதி ஊதிச் சுருங்கினால் செதில்கள் கிளம்பி, முடி சொரசொரப்பாகி, நுனி வெடித்து உடையும். முழுகுவதற்கு முதல் எண்ணெய் வைத்தால் முடி குடிக்கும் தண்ணீரின் அளவு குறைகிறது. சிக்கெடுக்கும்போது உரசலும் குறைகிறது.

2003ஆம் ஆண்டு ரேலே, மோஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு அழகுசாதன அறிவியல் சஞ்சிகை ஒன்றில் எழுதினார்கள். முழுகுவதற்கு முதலோ பிறகோ வைத்தபோது, முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லோரிக் அமிலம் சிறியது, நேரான சங்கிலி அமைப்புடையது. அதனால் முடித்தண்டின் உள்ளே போக முடிகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். கணக்காளன் ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த இருவரும் வேலை செய்தது மும்பையின் மாரிக்கோ நிறுவனத்தில், பரசூட் தேங்காயெண்ணெய் விற்பவர்கள் அவர்கள்தான். முடிவு பிழை என்பதல்ல இதன் கருத்து. யார் செலவில் நடந்த பரிசோதனை என்று தெரிந்துகொண்டு வாசிப்பது நல்லது.

எள்ளின் நெய்தான் எண்ணெய் என்றானது என்பார்கள். ஊரில் முழுக்கு என்றால் நல்லெண்ணெய்தான். அது அந்தப் பரிசோதனையில் இல்லை. ஆனால் முடியை வழவழப்பாக்கவும் சிக்கெடுக்கவும் அது நன்றாகவே உதவும். பழக்கமானவர்கள் விடவேண்டியதில்லை.

இவ்வளவும் வரவுப் பக்கம். இனி, எண்ணெயின் கணக்கில் எழுதக்கூடாதவை. முடி முளைப்பது தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலில். மேலே தடவும் எண்ணெய் புது முடியை முளைக்க வைக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. உடைவது குறைவதால் முடி நீளமாகத் தெரியும், அவ்வளவுதான். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. பிள்ளை பிறந்து இரண்டு மூன்று மாதத்தில், அல்லது கடும் காய்ச்சலுக்குப் பின் கொத்தாகக் கொட்டுவதும் பெரும்பாலும் தானாகவே சரியாகும். இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் கோளாறு என்பவற்றால் கொட்டினால் எந்தப் போத்தலும் உதவாது. அதற்கு ஜீ.பி.யிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. காசளவில் வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, பிள்ளையின் தலையில் செதிலோடு முடி உடைந்த திட்டு தெரிந்தாலோ எண்ணெய் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. இரண்டாவது பூஞ்சணத் தொற்றாக இருக்கலாம். அதற்கு வாயால் எடுக்கும் மருந்து வேண்டும், வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

பொடுகு, நாங்கள் சொடுகு என்போமே, அதற்கும் எண்ணெய் மருந்தல்ல. தோலில் வாழும் மலசீசியா என்ற ஒரு வகை நுண்ணுயிர் எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் பெருகுகிறது. இரவிரவாக உச்சியில் எண்ணெய் ஊறவிடுவது அதற்குச் சாப்பாடு போடுவது போல. கீற்றோகொனசோல் கலந்த ஷாம்பு இங்கே மருந்தகத்தில் வைத்தியரின் துண்டில்லாமலே வாங்கலாம்.

செய்யும் முறை எளிது. லண்டன் குளிரில் தேங்காயெண்ணெய் கல்லாக இறுகியிருக்கும், 24 பாகைக்கு மேல்தான் உருகும். போத்தலைச் சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் வையுங்கள், அடுப்பில் வைக்காதீர்கள். ஒன்றிரண்டு தேக்கரண்டி போதும். உச்சியை விட நுனிப்பக்கத்துக்குக் கூட வையுங்கள், பழைய முடி அங்கேதான் இருக்கிறது. அரை மணித்தியாலம் முதல் ஓரிரு மணித்தியாலம் விடுங்கள். இறுக்கிப் பின்னி விடாதீர்கள், தொடர்ந்து இழுபட்டால் நெற்றியோரம் முடி போய்விடும். முழுகும்போது தண்ணீர் ஊற்றுவதற்கு முதலே எண்ணெய் முடியில் ஷாம்பு பூசித் தேய்த்தால் எண்ணெய் சுலபமாகக் கழன்று வரும். கிழமைக்கு ஒருமுறை போதும்.

இங்கே கட்டாயம் சொல்லவேண்டிய ஒன்று துவாய். ஊரில் எண்ணெய்த் துவாயைத் தோய்த்து வெயிலில் போட்டோம். இங்கே ட்ரையரில் போடுகிறோம். தாவர எண்ணெய் ஊறிய துணி சரியாகக் கழுவப்படாமல் சூடானால், இயந்திரம் நின்ற பிறகும் உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கலாம். எண்ணெய்க்கென்று ஒரு பழைய துவாயை ஒதுக்குங்கள். அதைச் சூடான தண்ணீரில் தோய்த்துக் கொடியில் காயவிடுங்கள். எண்ணெய்த் தலையோடு காஸ் அடுப்பருகே நிற்கவும் வேண்டாம்.

பிள்ளைகள் விடயத்தில் ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை காலை எண்ணெய் வடியப் பள்ளிக்கூடம் அனுப்பினால் கேலிக்கு ஆளாவது அவர்கள்தான். அதன்பிறகு எண்ணெயையும் வெறுப்பார்கள், எங்கள் சொல்லையும் கேட்கமாட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் வையுங்கள். கேட்டால் ஒரு கதையும் சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய ஆண்கள் தலையில் மக்காசர் எண்ணெய் அப்பிக்கொண்டுதான் திரிந்தார்கள். கதிரையில் எண்ணெய் படாமலிருக்க முதுகுப்பக்கம் போட்ட துணிக்கே அந்த எண்ணெயை வைத்துத்தான் பெயர். ஷாம்பு என்ற சொல்லும் பிசைந்து பிடிப்பதைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது. பட்னாவில் பிறந்த சேக் டீன் முகமது பிரைட்டனில் குளியல் நிலையம் நடத்தி, மன்னர் நான்காம் ஜோர்ஜுக்கே அந்தச் சேவையைச் செய்தவர். எண்ணெய்த் தலை இந்த ஊருக்குப் புதிதல்ல.

ஆகவே, மணமில்லாத, வேறொன்றும் கலக்காத ஒரு தேங்காயெண்ணெய்ப் போத்தலை உணவுப் பக்கத்திலேயே வாங்குங்கள். முடி உடையாமல் காப்பது அதன் வேலை. கொட்டுகிற முடிக்குக் காரணம் தேடுவது வைத்தியரின் வேலை. பிள்ளையைப் பக்கத்தில் இருத்தித் தலை நீவி, அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்பது எங்கள் வேலை. அதற்கு எந்த எண்ணெயானாலும் சரி.