மடிப்பை மாற்றும் இழை

கோவில்பட்டிப் பக்கத்து மாணவர்கள் சித்திரை மாதத்துக் கரிசல் காட்டைப் பார்த்திருப்பீர்கள். கால் உள்ளே போய்விடும் அளவுக்கு வெடிப்புகள்! ஐப்பசியில் நல்ல மழை விழுந்தால் அதே மண் உப்பி, வெடிப்புகள் மூடிக்கொள்ளும். மண் அதேதான், நீர் வந்ததும் உருவம் மாறுகிறது.

மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவுக்குள் இதைவிட நுட்பமான உருமாற்றம் ஒன்று நடக்கிறது. விதை நேர்த்திக்கு உழவர்கள் இதன் பொடியைப் பயன்படுத்துவதுண்டு. இது தனக்கு வேண்டிய வைட்டமின் பி2-ஐத் தானே தயாரித்துக்கொள்கிறது. போதுமான அளவு சேர்ந்ததும் 'நிறுத்து' என்று யார் சொல்வது? ஏதோ ஒரு புரதம்தான் சொல்லும் என்று தேடினார்கள். 2002-இல் விடை கிடைத்தது. தயாரிப்புக் கட்டளையைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. இழையே அதைச் செய்கிறது! பி2-விலிருந்து உண்டாகும் எஃப்.எம்.என். என்ற மூலக்கூறு வந்து ஒட்டியதும், இழை வேறுவிதமாக மடிந்து கட்டளையைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. ரொனால்டு பிரேக்கர் குழுவும் எவ்கெனி நூட்லர் குழுவும் அமெரிக்காவில் தனித்தனியே இதைக் கண்டனர். இத்தகைய இழைப்பகுதிக்கு ரைபோசுவிட்ச் என்று பெயர்.

ஓர் இழை எப்படி இரண்டு விதமாக மடியும்? செய்தே பாருங்கள். நீளமான காகிதத் துண்டில் 23 கட்டங்கள் போட்டு, இந்த எழுத்துகளை வரிசையாக எழுதுங்கள்:

ஜி ஏ சி ஜி சி – ஏ ஏ ஏ ஏ – ஜி சி ஜி யூ சி – ஏ ஏ ஏ ஏ – ஜி ஏ சி ஜி சி

ஆர்.என்.ஏ.வில் உள்ளவை இந்த நான்கு எழுத்துகள்தான். ஜி-யும் சி-யும் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஏ-யும் யூ-வும் அதைவிடச் சற்றுத் தளர்வாகப் பிடிக்கும். இப்போது துண்டைக் கொண்டை ஊசிபோல் வளையுங்கள். நடுவிலுள்ள ஐந்தெழுத்து இடப்பக்கத்து ஐந்தோடு பொருந்துகிறதா? விரித்து, வலப்பக்கம் வளையுங்கள். அதோடும் பொருந்தும்! ஒரே இழை, ஏறக்குறைய சம வலிமையுள்ள இரண்டு மடிப்புகள். இடப்பக்கத்தை வேறொரு ஆர்.என்.ஏ. வந்து பிடித்துக்கொண்டால், விடுபட்ட நடுப்பகுதி வலப்பக்கம் சாயும். சுவிட்ச் தயார்.

காகிதத்தில் எளிது. உண்மையான இழையை வடிவமைப்பது அப்படியல்ல. ஒரு மடிப்பு மிக உறுதியாகிவிட்டால் இழை அதிலேயே சிக்கிக்கொள்ளும். இரண்டும் தளர்ந்தால் எதிலும் நிற்காது. 80 எழுத்து இழையை எத்தனை விதமாக எழுதலாம் தெரியுமா? நான்கை 80 முறை பெருக்க வேண்டும். விடை 49 இலக்க எண்! கணினியே திணறும் இடம் இது.

எனவே ஸ்டான்ஃபோர்டின் ரிஜு தாஸ், கார்னெகி மெலனின் ஏட்ரியன் ட்ரூயில் ஆகியோர் 'எட்டெர்னா' என்ற கணினி விளையாட்டை உருவாக்கினர். விளையாடுவோர் வடிவமைத்த இழைகள் ஆய்வகத்தில் உண்மையாகவே தயாரித்துச் சோதிக்கப்பட்டன. அவர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்த விதிகள் அன்றைய கணினி நிரல்களை வென்றன என 2014-இல் ஆய்வறிக்கை வந்தது. பங்கேற்றவர்கள் 37,000-க்கும் மேல்; பலருக்கு இத்துறையில் எந்தப் பயிற்சியும் கிடையாது. எனக்கு இந்தச் செய்தியில் மிகவும் பிடித்தது இதுதான்.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது. ஆனால் முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டுமே! சிறு குழந்தைகளிடமிருந்து சளி எடுப்பது கடினம். 2016-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், இரத்தத்திலுள்ள மூன்று மரபணுக்களின் ஆர்.என்.ஏ. அளவே நோயைக் காட்டிக்கொடுக்கும் என்றனர். இரண்டின் சராசரியிலிருந்து மூன்றாவதைக் கழிக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தன் மடிப்பாலேயே போடும் ஒற்றை இழையை வடிவமைப்பதே எட்டெர்னாக்காரர்களுக்குத் தரப்பட்ட புதிர். அதற்கேற்ற இழைகளை அவர்கள் ஆய்வகச் சோதனைவரை கொண்டு சென்றார்கள். மருத்துவமனை வாசல்வரை வருவது வேறு கதை.

உங்கள் காகிதத் துண்டுக்குத் திரும்புவோம். இடப்பக்கத்து ஐந்தில் இரண்டாம் எழுத்தான ஏ-யை அழித்து ஜி என்று எழுதுங்கள். ஜி-யும் யூ-வும் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிடி இன்னும் தளர்வு. இனி நடுப்பகுதி எந்தப் பக்கம் அதிக நேரம் நிற்கும்?