பதனிட்ட மீனும் சுங்க அட்டவணையும்

கடலுக்கு வெகுதொலைவிலுள்ள ஐதராபாத்தில் மீன் வடிவிலேயே எழுந்து நிற்கும் கட்டடம் ஒன்று உண்டு. 2006-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் அது. மீன் விளைச்சலைப் பெருக்குவது வாரியத்தின் பணி. விளைந்த மீன் அயல்நாடு செல்லும்பொழுதோ, அதற்கு வரி எவ்வளவு என்பதைச் சுங்க அட்டவணையில் அது பெறும் எண்ணே முடிவு செய்கிறது.

1988 முதல் உலகநாடுகள் கையாண்டு வரும் ஒருங்கிணைந்த அட்டவணையில், உறையவைத்த மீனும் உப்பிட்டு உலர்த்திய கருவாடும் 3-ஆம் அத்தியாயத்தைச் சேரும். சமைத்தோ எண்ணெயிலிட்டுத் தகரப்பெட்டியில் அடைத்தோ விற்கப்படுவன 16-ஆம் அத்தியாயத்திற்குரியன. இறாலை ஓட்டுடன் நீரில் அவித்தால் அது 3-இலேயே நிற்கும். ஓட்டை நீக்கி அவித்தாலோ 16-க்குச் சென்றுவிடும்!

அங்ஙனமாயின், இலட்சத்தீவின் மாசிக்கருவாடு எங்கே சேரும்? சூரைமீனை அறுத்து, அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்துவதால் கிடைப்பது மாசி. அவித்த பொருளாயிற்றே என்று அதனை 16-இல் சேர்க்க எண்ணுவது இயல்பே. ஆனால், புகையூட்டுமுன்னரோ புகையூட்டும்பொழுதோ வெந்த மீனும் 0305 என்னும் தலைப்பிலேயே அடங்கும் என அட்டவணை தெளிவாகக் கூறுகிறது. மாசி தப்பியது.

ஆந்திர மீன் ஊறுகாய்க்கு அளவுகோல் வேறு. மீன், இறைச்சி முதலியவற்றின் எடை நூற்றுக்கு இருபதைக் கடந்தால் அது 16-ஆம் அத்தியாயம். ஆகவே ஏற்றுமதியாளர் தம் பத்திரங்களில் சரக்கின் பெயரோடு நில்லாமல், பதனிட்ட முறையையும் மீனின் எடைவிகிதத்தையும் குறித்தல் வேண்டும்.