தாழ்த்திய மோட்டார் சைக்கிள்

பழைய ஊர்திகளைப் பேணி ஓட்டுவதில் யாழ்ப்பாணத்தார் கைதேர்ந்தவர்கள். 1990களில், பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அருமையாகிவிட்ட காலத்தில், சிறிதளவு பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெயிலே ஓடச் செய்தவர்கள் அவர்கள். அத்தகைய நாட்டில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தேடி எடுத்துத் துரு நீக்கி, வர்ணம் தீட்டித் தம் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளும் ஆவல் எழுவது வியப்பன்று. அவ்வாறு அமைப்போர் பலர் முதலில் விரும்புவது ஊர்தியின் உயரத்தைக் குறைத்தலாகும். நிலத்தோடு ஒட்டித் தாழ்ந்து நிற்கும் ஊர்திக்கு ஒரு கம்பீரம் உண்டென்பது உண்மையே. ஆனால் அக்கம்பீரத்துக்குக் கொடுக்கப்படும் விலை யாது என்பதை அறிந்த பின்னரே சாவியைக் கையிலெடுத்தல் வேண்டும்.

தொடக்க கால மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவற்றின் பிற்சக்கரத்துக்கு வில் என்பதே இல்லை. காற்றடைத்த ரயரும் ஆசனத்தின் அடியிலிருந்த சுருளுமே ஓட்டுபவரின் முதுகெலும்பைக் காத்தன. 1935ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், ஒன்றினுள் ஒன்று வழுக்கும் குழாய்களையும் எண்ணெயையும் கொண்டு அதிர்ச்சியைத் தணிக்கும் முன்கவரை அளித்தது. 1948ஆம் ஆண்டில் ரோயல் என்பீல்ட் நிறுவனம் வெளிக்காட்டிய புல்லட் ஊர்தியில் பிற்சக்கரம் ஊசலாடும் கரமொன்றில் பொருத்தப்பட்டு, இரு பக்கத்தும் அதிர்வுதாங்கிகளைப் பெற்றது. 1955 முதல் சென்னையில் இணைத்து உருவாக்கப்பட்டதும் அவ்வகையினதே. ஆகவே சக்கரம் மேலும் கீழும் அசைவதற்கு விடப்பட்ட இடைவெளி வெற்றிடமன்று; பல ஆண்டு ஆராய்ச்சியின் பயன்.

அவ்விடைவெளியின் கணக்கு எளியது. பிற்சக்கரம் மூன்று அங்குலம் அசையக்கூடியதெனக் கொள்வோம். ஓட்டுபவர் ஏறியமர்ந்ததும் ஏறத்தாழ ஓர் அங்குலம் அமிழ்ந்துவிடும். பின்னால் ஒருவர் அமர்ந்தால் மேலும் சிறிது குறையும். எஞ்சியதே குழியையும் கல்லையும் தாங்கவேண்டியது. வில்லொன்று ஏற்கும் ஆற்றல் அதன் அமுக்கத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவது. ஆதலால் மூன்று அங்குலத்தை இரண்டாக்கினால், அதே அதிர்ச்சியைத் தாங்குவதற்கு வில் இரண்டேகால் மடங்கு விறைப்பாக இருத்தல் வேண்டும். விறைப்பைக் கூட்டினால் முதுகு நோகும். கூட்டாவிடின் இரும்போடு இரும்பு மோதும்.

கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி வழியாகப் புத்தூருக்கு வரும் பருத்தித்துறை வீதி சமதரையிற் செல்வது. அதில் மட்டும் ஓடுவதாயின் தாழ்ந்த ஊர்திக்குத் தொல்லை குறைவு. ஆனால் வீதியை விட்டு ஒழுங்கைக்குள் திரும்பியதும் நிலைமை வேறு. செம்மண்ணை மழைநீர் அரித்துச் சென்ற இடங்களிற் சுண்ணக்கல் தலைநீட்டும். மாரி காலத்துத் தேங்கும் நீர் குழியின் ஆழத்தை மறைத்துவிடும். மதகின் விளிம்பு, தோட்டத்து வாய்க்கால், வீட்டுப் படலையின் அடிக்கல் ஆகிய யாவும் இயந்திரத்தின் அடிப்பாகத்துக்கும் புகைக்குழாய்க்கும் பகை.

ஊர்தியைத் தாழ்த்தும் வழிகளும் ஒரே தன்மையனவல்ல. முன்கவரின் குழாய்களைப் பற்றுத் தகடுகளினூடே சற்று மேலே நழுவவிட்டு இறுக்குதல் ஒரு வழி. குழாயின் மேல்முனை தலைப்பகுதியோடு திருகிப் பொருத்தப்பட்ட பழைய புல்லட் போன்றவற்றில் இவ்வழி செல்லாது. பின்புறத்துக்குக் குட்டையான அதிர்வுதாங்கியைப் பூட்டுவது மற்றொரு வழி. அதன் அசைவு குறைந்தால் முன்கூறிய குறை நேரும். குறையாவிட்டால் ரயர் மட்காட்டில் உராயும். தாங்கியின் அடிப்பிடிப்பை நகர்த்திச் சாய்த்து விடுவோரும் உளர். சாய்ந்த தாங்கி மென்மையாகிவிடுவதால், ஊர்தி நினைத்ததினும் மிகுதியாக அமிழும். இவை அனைத்திலும் தீயது வில்லை வெட்டுதலும் சூடாக்கி அமுக்குதலுமாகும். வெட்டிய முனை சமமாக இருக்கையில் அமராது. தீயிற் பழுத்த உருக்கு தன் பதத்தை இழந்துவிடும். அவ்வில் என்று ஒடியுமென எவராலும் கூறவியலாது.

முன்பின் இரண்டையும் ஒரே அளவிற் குறைத்தல் இன்றியமையாதது. இரு சக்கர நடுக்களுக்கு இடையே 54 அங்குலம் உள்ள ஊர்தியில் முன்புறத்தை மட்டும் ஓர் அங்குலம் தாழ்த்தினால், முன்கவர் ஏறத்தாழ ஒரு பாகை செங்குத்தாகும். முற்சக்கரத்தை நேர்வழியில் நிறுத்தும் பின்னிழுவைத் தூரம் கால் அங்குலமளவு சுருங்கும். ஓட்டம் இலகுவானதுபோலத் தோன்றும். விரைவு கூடியவிடத்தும் பிறேக் பிடிக்கும்போதும் கைப்பிடி நடுங்கத் தலைப்படும். பின்புறத்தை மட்டும் தாழ்த்தினாலோ கைப்பிடி பாரமாகி வளைவிற் பிடிவாதம் செய்யும். முன்விளக்கின் ஒளி மேல்நோக்கி எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும்.

தாழ்த்திய பின்னர் சோதிக்க வேண்டியவையும் பல. பக்கத் தாங்குகால் இப்போது நீளமாகத் தோன்றி ஊர்தியை நிமிர்த்திவிடும். மெல்லிய காற்றிலும் அது மறுபக்கம் சாயலாம். சங்கிலியின் தளர்வை, பாரம் ஏற்றிய நிலையிற் புதிதாக அளந்து சீர்செய்தல் வேண்டும். வில்லை அகற்றிவிட்டு, சக்கரத்தை அதன் மேலெல்லை வரை தூக்கிப் பார்த்து, ரயர், மட்காட், பிறேக் கம்பி, மின்கம்பி ஆகியன ஒன்றையொன்று தொடவில்லை என உறுதிசெய்தல் வேண்டும். வளைவிற் சாயும்போது கால்மிதி எவ்வளவில் நிலத்தை உரசுமென்பதையும் மறத்தலாகாது. பின்னிருக்கையில் மனைவியோ பிள்ளையோ அமரும் ஊர்தியாயின், அப்பாரத்தோடு மெதுவாக ஓட்டிப் பார்த்த பின்னரே முடிவு செய்தல் தகும்.

கால் நிலத்தில் எட்டவில்லை என்பதே காரணமாயின், வில்லைத் தொடவேண்டிய தேவையில்லை. ஆசனத்தின் பஞ்சை ஓர் அங்குலம் செதுக்கி, மேலுறையைத் திரும்பத் தைப்பித்தால் போதும். சக்கரத்தின் அசைவும் கெடாது, செலவும் குறைவு, மனம் மாறினால் மீட்பதும் எளிது. தோற்றமே நோக்கமாயின், குறைப்பது சிறிதாகவும் இருபுறமும் ஒத்ததாகவும் இருக்கட்டும். கழற்றிய பழைய உறுப்புகளை எண்ணெய் பூசிப் பொதிந்து வைக்கவும் வேண்டும். முந்தைய தலைமுறைக் கைவினைஞர் இல்லாததை வைத்து ஊர்தியை ஓடச் செய்தனர். இருக்கின்ற பாதுகாப்பை அழகுக்காக வெட்டியெறிவது அவர்களுடைய கைத்திறனுக்குப் பெருமை சேர்க்காது.