உங்களுக்குத் தெரியுமா? ஹேக் வரை போகாத வழக்கு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பக்கம் திரும்பினால் கீழ்ப்புத்துப்பட்டு. அங்குள்ள முகாமில் இலங்கைத் தமிழர்கள் பல்லாண்டுகளாக வாழ்கிறார்கள். அவர்கள் விட்டுவந்த மண்ணில் 2009-இல் முடிந்த போரின் குற்றங்களை ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஏன் விசாரிக்கவில்லை?

அதை நிறுவிய ரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. (இந்தியாவும் சேரவில்லை.) சேராத நாட்டில் நடந்த குற்றம் என்றால், பொதுவாக அந்த நாடே இசைய வேண்டும், இல்லையேல் ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பிவைக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

ஒரு கதவு மட்டும் திறப்பதுபோல் இருந்தது. உள்நாட்டு, வெளிநாட்டு நீதிபதிகள் சேர்ந்தமரும் சிறப்பு நீதிமன்றம் வேண்டும் என்று 2015 செப்டம்பரில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பரிந்துரைத்தது. அடுத்த மாதமே, வெளிநாட்டு நீதிபதிகளின் பங்கேற்பைக் குறிப்பிடும் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 30/1 தீர்மானத்தை இலங்கையும் சேர்ந்தே முன்மொழிந்தது. ஆனால் வெளிநாட்டு நீதிபதிகள் தேவையில்லை என்று 2016 ஜனவரியில் அதிபர் சிறிசேன சொல்லிவிட்டார். 2020-இல் அந்தத் தீர்மானத்துக்கு இலங்கை தந்த ஆதரவும் விலக்கிக்கொள்ளப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்த வாக்கு அது. மீறியது பெரும் அநீதி.

2015 பரிந்துரைக்கு அடிப்படையான ஐ.நா. விசாரணையை 2014-இல் தொடங்கிவைத்தவர் டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண், நவநீதம் பிள்ளை. பாலியல் வன்முறையும் இனப்படுகொலைக் குற்றமாகலாம் என்று 1998-இல் தீர்ப்பளித்த ருவாண்டா தீர்ப்பாய அமர்வில் இருந்த நீதிபதி அவர்.