கூகுள் கண்ணில் படும் தலைப்பு

மும்பை மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் கல்யாண சமையல் எடுத்துச் செய்பவர், காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்பவர், மாலை கட்டுபவர் என்று யார் வேண்டுமானாலும் இன்று சொந்தமாக இணையப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். செம்பூரில் இருக்கும் ஒருவர் 'மாட்டுங்கா கல்யாண சமையல்' என்று தேடும்போது அந்தப் பக்கம் அவர் கண்ணில் பட வேண்டுமே! அதற்குக் காசு செலவில்லாத ஒரு வேலை, தலைப்புகளைச் சரியாகக் குறிப்பது.

பக்கத்தை உருவாக்கும் எச்டிஎம்எல்லில் தலைப்புக்கென்றே எச்1 முதல் எச்6 வரை ஆறு குறிகள் உண்டு. எச்1 முதன்மைத் தலைப்பு, எச்2 அதன் பகுதிகள், எச்3 அவற்றின் உட்பிரிவுகள். சின்னக் கடைக்கு இந்த மூன்றே தாராளம். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் நம் கண்ணுக்கு அது தலைப்புதான். ஆனால், குறி இருந்தால்தான் தேடுபொறிக்கு அது சந்தேகமில்லாமல் விளங்கும்.

சமையல்காரர் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். எச்1 இடத்தில் 'நல்வரவு' என்று போடுவது வீண். சமையலுக்கு ஆள் பார்க்கிறவர் யாரும் அப்படித் தேடுவதில்லை. 'மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் தமிழ்க் கல்யாண சமையல்' என்று எழுதுங்கள். எச்2-ஆக 'முகூர்த்தச் சாப்பாடு', 'சீமந்தம், வளைகாப்பு', 'ஓர் இலைக்கு என்ன விலை?' ஆகியவை வரலாம். முகூர்த்தச் சாப்பாட்டின் கீழே எச்3-ஆக 'காலை டிபன்', 'பட்சணங்கள்'. இடப் பெயரையும் ஜனங்கள் சொல்கிறபடியே போடுங்கள். கிங்ஸ் சர்க்கிள் வட்டத்துக்கு நடுவிலுள்ள பூங்காவின் பெயர் மகேஸ்வரி உத்யான். ஆனால் டாக்ஸிக்காரரிடம் ஜனங்கள் கேட்பது கிங்ஸ் சர்க்கிளைத்தான். கூகுளிலும் அதையேதான் தட்டுவார்கள். அதற்காக எல்லாத் தலைப்பிலும் ஊர்ப் பெயரைத் திணிக்காதீர்கள். படிப்பவருக்கு எரிச்சல் வரும். கூகுளும் அதை ஸ்பாம் கணக்கில்தான் சேர்க்கிறது.

தமிழ்ப் பக்கங்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. அழகுக்காகத் தலைப்பைப் படமாக வைத்துவிடுகிறார்கள், அல்லது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துவிடுகிறார்கள். பாமினியில் அடித்தது திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. தேடுபொறிக்கு அது பொருளற்ற குப்பை. இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். தலைப்பை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு, பிரச்சினையில்லை. கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்துகள் வந்தால் பழைய எழுத்துரு. நகலெடுக்கவே முடியவில்லையென்றால் பெரும்பாலும் படம்.

தலைப்புக் குறி மட்டும் பக்கத்தை முதலிடத்துக்கு ஏற்றிவிடும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். எச்1 ஒன்றுகூட இல்லாவிட்டாலும், ஐந்து இருந்தாலும் தரவரிசை கெட்டுவிடாது என்று கூகுளின் ஜான் முல்லர் 2019-லேயே விளக்கியிருக்கிறார். பக்கம் எதைப் பற்றியது என்று புரியவைப்பதே தலைப்பின் வேலை. அக்கம்பக்கத்துக் கடைகளைத் தேடும்போது கூகுள் மேப்பில் கடை பதிவாகியிருப்பது, தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், வாடிக்கையாளர் எழுதும் கருத்து ஆகியவையும் சேர்ந்தே இடத்தைத் தீர்மானிக்கின்றன.

தலைப்புக்குக் குறி போட, தேடுபொறியைவிடப் பெரிய காரணம் என் கணக்கில் வேறு. பார்வையற்றவர்களில் பலர் திரைவாசிப்பான் மென்பொருளில் 'எச்' விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவித்தான் நீளமான பக்கங்களில் வேண்டியதைக் கண்டெடுக்கிறார்கள். குறி இல்லாத பக்கத்தில் அவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஆகவே உங்கள் பக்கத்தை வடிவமைத்தவரிடம் இன்றைக்கே கேளுங்கள்: தலைப்புகளுக்குக் குறி போட்டிருக்கிறாரா, அல்லது எழுத்தை மட்டும் பெரிதாக்கியிருக்கிறாரா?