தரீஃபா: காற்றுக்குக் காத்திருக்கும் கழுகுகள்

ஐரோப்பியப் பெருநிலத்தின் தென்முனை, ஸ்பெயினில் உள்ள தரீஃபா. ஜிப்ரால்டர் நீரிணை மிகக் குறுகும் இடத்தில் மறுகரையான மொராக்கோ ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. வானம் தெளிந்திருந்தால் அங்குள்ள ஜெபல் மூசா மலை இங்கிருந்தே தெரியும். தரீஃபா அமைந்துள்ள ஆண்டலூசியாவில் செப்டம்பரில் நடக்கும் பறவை நோக்கல் பயணங்கள் பலவும் தோன்யானா சதுப்பு நிலத்தோடு இந்த ஊருக்கும் வருகின்றன. ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் பருந்து, கழுகு, நாரை இனங்கள் இலட்சக்கணக்கில் இவ்வழியே கடலைக் கடக்கின்றன.

அவை இந்த இடத்தில் குவிவதற்குக் காரணம் ஏறுகாற்று. வெயிலில் சூடான நிலத்திலிருந்து வெப்பக்காற்று மேலெழும். அகன்ற சிறகுள்ள பறவைகள் அதில் வட்டமிட்டு உயர்ந்து, பின் சிறகடிக்காமல் சறுக்கியபடியே நெடுந்தூரம் செல்லும். கடல் நிலத்தைப் போலச் சூடாவதில்லை என்பதால் அதன் மேல் வலுவான ஏறுகாற்று கிடைப்பது அரிது. அங்கே சிறகடித்தே ஆக வேண்டும். 6 முதல் 11 கிலோ வரை எடையுள்ள யூரேசியப் பாறுக்கு அது பெரும் சுமை. களைத்துக் கடலில் விழுந்து இறப்பவையும் உண்டு. ஆகவே இப்பறவைகள் மத்தியதரைக் கடலின் அகன்ற பகுதியைத் தவிர்க்கின்றன. செங்கால் நாரைகளில் மேற்கு ஐரோப்பாவைச் சேர்ந்தவை ஜிப்ரால்டர் வழியாகவும், கிழக்கு ஐரோப்பாவைச் சேர்ந்தவை துருக்கியின் பாஸ்பரஸ் வழியாகவும் செல்கின்றன.

கடக்கும் நேரத்தைக் காற்று முடிவு செய்கிறது. கீழைக் காற்றை இப்பகுதியினர் ‘லெவாந்தே’ என்றும், மேலைக் காற்றைப் ‘போனியெந்தே’ என்றும் அழைக்கின்றனர். லெவாந்தே பலமாக வீசினால் பறவைகள் அட்லாண்டிக் பக்கம் அடித்துச் செல்லப்படும் அபாயம் உண்டு. அதனால் அவை தரீஃபாவைச் சுற்றியுள்ள குன்றுகளில் தங்கிவிடும். காற்று தணிந்ததும் கூட்டமாகப் புறப்படும். போனியெந்தே வீசும் நாள்களில் அவற்றின் பாதை கிழக்கே, அல்ஹெசிராஸ், ஜிப்ரால்டர் பக்கம் நகர்ந்துவிடும். எந்தக் குன்றில் நிற்பது என்பதை வழிகாட்டிகள் காலையில் காற்றின் திசையைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள்.

ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு காலம் உண்டு. கரும்பருந்துகள் ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் கடக்கின்றன. ஆகஸ்ட் இறுதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை தேன்பருந்துகளின் முறை. செப்டம்பரின் பிற்பாதியில் பாம்புக் கழுகுகளும், கால்களில் இறகு மூடிய குட்டைக் கழுகுகளும் மிகுதி. யூரேசியப் பாறுகளின் இளம் பறவைகள் கடைசியாக, அக்டோபர், நவம்பரில் வந்து சேரும். இங்கே கடக்கும் மஞ்சள்முகப் பாறு தமிழருக்குப் புதிதன்று. திருக்கழுக்குன்றத்தில் நண்பகல் உணவுக்கு வந்துகொண்டிருந்ததும் இதே இனந்தான்.

தரீஃபாவின் பலத்த காற்று மின்சாரத்துக்கும் உதவுகிறது. மலைச்சரிவுகளில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளில் மோதிப் பாறுகள் இறந்ததால், பறவை நெருங்கும்போது ஆபத்தான காற்றாலையைச் சிறிது நேரம் நிறுத்தும் முறை கொண்டுவரப்பட்டது. அதன்பின் பாறுகளின் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மின்உற்பத்தியில் ஏற்பட்ட இழப்போ மிகச் சிறிது.

நீரிணையின் வடகரையில் மீண்டும் குடியேறிய ஒரு பறவையும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த வழுக்கைத்தலை அரிவாள் மூக்கன்களைக் கூண்டுகளில் வளர்த்து, 2004 முதல் இப்பகுதியில் பறக்கவிட்டனர். 2008இல் அவை இயற்கைச் சூழலில் கூடு கட்டின. வெஹேர் என்ற ஊருக்கு அருகே சாலையோரப் பாறையில் கூடு கட்டிய கூட்டத்தைத் தொலைநோக்கி இல்லாமலே பார்க்கலாம்.

இலையுதிர் காலத்தில் தெற்கே போன கூட்டம் அப்படியே அங்கு தங்கிவிடுவதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் கரும்பருந்துகளும் பாம்புக் கழுகுகளும் அதே நீரிணையைத் தாண்டி வடக்கே திரும்புகின்றன.